பள்ளித் தோட்டம், ஊர்த் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடந்த 5 சென்ட் இடத்தில் 11 வருடமாகக் காய்கறித் தோட்டம் போட்டு வருகிறோம். வேறு பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், தங்கள் குடியிருப்பில் பொதுத் தோட்டம் போட நினைப்பவர்கள் எனப் பலரும் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஓர் இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

தோட்டம் போட்டால் பிள்ளைகளின் படிப்பு கெடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு வருடம் பரங்கிக் கொடி பந்தலைத் தாண்டி ஓடியது. பூவும் ஏராளம். ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. 7ஆம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "சார், கொடிக்கு ஏதோ நோய்" என்றான். பூக்களைப் பறித்து வரிசையாக வைத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவனே கண்டுபிடித்துவிட்டான். எல்லாப் பூவும் நீளக் காம்பில் நின்றன. ஒன்றிலும் அடியில் குட்டிக் காய் இல்லை. பரங்கியில் ஆண் பூ முதலில் வரும், பெண் பூ பிறகுதான் வரும். அடுத்த வாரம் அடியில் கோலிக்குண்டு அளவுக்குக் காயோடு முதல் பெண் பூ வந்தது. பரங்கிப் பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். பள்ளி மணி அடிக்கும்போது அது வாடியிருக்கும். அதனால் அந்தப் பையன் காலை ஆறரைக்கே வந்து கேட்டில் நின்றான். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினோம். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தான். நான்காம் நாள் அந்தக் காய் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

மகரந்தச் சேர்க்கையை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்த வகுப்பில் ஒருவனும் அதை மறக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் அந்தக் கொடி. கத்தரியும் அப்படித்தான். எல்லாக் கத்தரிப் பூவும் காய்க்காது. சூலகத்தண்டு மகரந்தப் பைகளைத் தாண்டி நீண்டிருக்கும் பூ காய்க்கும், உள்ளே குட்டையாக ஒளிந்திருக்கும் பூ பெரும்பாலும் உதிரும். இதை ஒருமுறை பார்த்த பிள்ளை, அடுத்து எந்தப் பூவைப் பார்த்தாலும் உள்ளே எட்டிப் பார்க்கும்.

கணக்கும் இதில் வந்துவிடும். பாத்தியின் பரப்பு, செடிக்குச் செடி இடைவெளி, ஒரு பாத்திக்கு எத்தனை நாற்று, அறுத்த கீரையின் எடை என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். 1840இல் ஃப்ரோபெல் என்ற ஜெர்மன் கல்வியாளர் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அவர் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஆளுக்கொரு சின்னப் பாத்தி கொடுத்திருந்தார். பெயரை நாம் எடுத்துக்கொண்டோம், பாத்தியை விட்டுவிட்டோம்.

சத்துணவுக்கு வேண்டிய காய் முழுவதும் இதில் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிதாக எதிர்பார்த்து ஆரம்பித்துவிட்டு ஆறாம் மாதம் கைவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். மதிய உணவுத் திட்டத்தின் அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு 75 கிராம். எங்களிடம் 60 பேரும் 36 பேரும். ஆக ஒரு நாளைக்கு 5.7 கிலோ. முளைக்கீரை நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தரும். ஒரு சென்ட்டில் நடக்க வழி விட்டதுபோக 30 சதுர மீட்டர் பாத்தி என்று வைத்துக்கொண்டால், 25 நாள் வளர்த்து 30 கிலோ. ஐந்து நாள் குழம்புக்குச் சரியாக வரும்.

சின்ன அளவுதான். ஆனால் அந்த ஐந்து நாளும் தட்டில் விழுவது அன்று காலை அறுத்த கீரை. சத்துணவு அமைப்பாளர் அக்கா சொல்வார், "கடைக் கீரை போட்ட அன்னைக்கு ஒதுக்கி வைக்குதுங்க, நம்ம கீரை போட்டா ரெண்டாவது தடவை கேக்குதுங்க." தோட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் அக்காவின் இந்த வார்த்தைதான்.

பக்கத்திலேயே ஒட்டன்சத்திரத்தில் இவ்வளவு பெரிய காய்கறிச் சந்தை இருக்கும்போது தோட்டம் எதற்கு?

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா அந்தச் சந்தையில் மூட்டை தூக்குபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், இல்லையென்றால் தோட்டங்காட்டில் காய் பறிக்கப் போகிறவர்கள். ஊரைச் சுற்றிக் காய் விளைகிறது. ஆனால் வீட்டில் ரசமும் சோறும்தான். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துத் தொடங்கி, 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று பள்ளியில் சோறு போடுவதில் நம் மாநிலத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. வயிறு நிறைகிறது. அந்தத் தட்டில் பச்சையாக ஏதாவது தினமும் இருக்க வேண்டும், அதைப் பிள்ளை விரும்பிச் சாப்பிட வேண்டும். மிச்சமிருக்கும் அந்த வேலைக்குத்தான் தோட்டம்.

முருங்கை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம் அளவுக்குத்தான். எங்கள் பக்கம் முருங்கை இல்லாத வேலி கிடையாது. ஆனால் காயைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கீரையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிடுவோம். பள்ளியில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி கூட இருக்க வேண்டும். அதனால் எலுமிச்சை ஒன்றும் நெல்லி ஒன்றும் தோட்டத்தில் இருக்கட்டும்.

எந்த மாதத்தில் எதைப் போடுவது?

பள்ளி நாள்காட்டியும் விதைப்புப் பட்டமும் அழகாகப் பொருந்திப்போகும். ஜூனில் பள்ளி திறந்ததும் கம்பு, சோளம், உளுந்து, தட்டை, எள், கொள்ளு, சணப்பை என்று கையில் கிடைத்த தானியத்தையும் பயறையும் கலந்து பாத்தி முழுக்க விதைத்துவிடுங்கள். 40, 45 நாளில் பூ எடுக்கும் சமயம் அப்படியே மடக்கி மண்ணுக்குள் புதைத்துவிடலாம். இதைவிட மலிவான உரம் கிடையாது. அது மட்கி முடியும்போது ஆடிப்பெருக்கு வந்துவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது சரிதான், ஆனால் பள்ளியில் ஆடியின் பிற்பாதிதான் வசதி. வெண்டை, கொத்தவரை, அவரை, கத்தரி, பரங்கி, சுரை, பாகல் எல்லாம் அப்போது போட்டால் காலாண்டுத் தேர்வு முடிந்து வரும்போது வெண்டை பறிக்கலாம், அரையாண்டு வரை மற்றவை வரும். தைப் பொங்கலுக்குப் பிறகு கீரை மட்டும் போதும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கீரையிலிருந்து தொடங்குங்கள். 25 நாளில் கைக்குக் கிடைக்க வேண்டும். பிள்ளைகளின் பொறுமைக்கு அதுதான் அளவு. அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், மணத்தக்காளி தானாக முளைத்துக்கொண்டே இருக்கும், பொன்னாங்கண்ணியைக் குச்சி ஒடித்து நட்டாலே போதும். மரத்தில் முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை, அகத்தி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கும். கீரைக்காகவே வளர்ப்பதானால் இடுப்பளவில் வெட்டிவிட்டுக்கொண்டே இருங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

எங்கள் பள்ளியில் மதியம் சாப்பிட்டு முடிந்ததும் 96 தட்டு கழுவப்படும். அந்தத் தண்ணீர் குழாயடியில் தேங்கிச் சேறாகி, அதைத் தாண்டித்தான் பிள்ளைகள் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் பிள்ளைகளையே வாளியில் பிடித்து அளக்கச் சொன்னேன். 110 லிட்டர்! தினமும் இவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று 5ஆம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போய்த் தலைமையாசிரியரிடம் சொன்னாள். அடுத்த வாரம் கொத்தனார் வேலை பார்க்கும் பெற்றோர் ஒருவர் ஒரு சின்னக் கால்வாய் கட்டிக் கொடுத்தார். முதலில் ஒரு கம்பி வலை, சோற்றுப் பருக்கை அதில் நிற்கும். அடுத்து ஜல்லியும் மணலும் போட்ட குழி, அதில் கல்வாழை. அதைத் தாண்டி மூன்று வாழை, நான்கு பப்பாளி. இந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள், மரத்துக்கு மட்டும்.

கீரைக்கும் காய்க்கும் போர்வெல் தண்ணீர் வேண்டும். பூவாளியில் காலையில் ஊற்றினால் போதும். மூடாக்கு போடாமல் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சோகை எதுவானாலும் சரி, மண் வெயிலைப் பார்க்கக்கூடாது.

ஏப்ரல், மே விடுமுறையில் யார் பார்ப்பது?

பள்ளித் தோட்டங்கள் சாவது இங்கேதான். முதல் இரண்டு வருடம் எங்கள் தோட்டமும் மே மாதத்தில் செத்தது. ஜூனில் பள்ளி திறந்து வந்த பிள்ளைகள் காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்ற காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மூன்று விஷயம் செய்தோம். மார்ச் கடைசிக்குள் காய்கறிப் பாத்திகளை அறுத்து முடித்து, அரை அடி உயரத்துக்கு மூடாக்கு போட்டுவிடுகிறோம், மண் தூங்கட்டும். ஒவ்வொரு மரக்கன்றுக்கும் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, அடியில் சின்னத் துளை போட்டுத் துணித்திரி சொருகி, மேலே மூடிவிடுகிறோம். பானை நிறைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். அப்புறம், பள்ளியை ஒட்டிய தெருவில் எட்டு வீட்டாருக்கு முறை போட்டோம். வாரம் ஒரு வீடு, பானை நிறைப்பது அவர்கள் வேலை, அந்த வாரத்து முருங்கையும் பப்பாளியும் அவர்களுக்கு. சாவியும் அவர்களிடமே. சாவியைக் கொடுக்க முதலில் தயங்கினோம். கொடுத்த நாளிலிருந்து தோட்டத்தில் ஒரு காய் திருடு போனதில்லை.

யாரை வேலை செய்யச் சொல்வது? பெற்றோர் சண்டைக்கு வரமாட்டார்களா?

வருவார்கள், வரவும் வேண்டும். "படிக்க அனுப்பினா மண்வெட்டி குடுக்குறீங்களா" என்று ஓர் அம்மா என்னைக் கேட்டார். தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி பிடித்த குடும்பம். தன் பிள்ளையாவது அதிலிருந்து தப்பட்டும் என்று பள்ளிக்கு அனுப்பியவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். வேலை தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொத்தச் சொன்னேன். நோட்டில் எழுத, அளக்க, விருந்தினர் வந்தால் விளக்கிச் சொல்ல வேறு பிள்ளைகள். இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே தெருப் பிள்ளைகள். நோட்டுப் பிடித்தவர்கள் எல்லாரும் வேறு தெரு. ஊரைப் பிரிக்கும் கோடு ஒன்றை நானே தோட்டத்துக்குள்ளும் போட்டுவிட்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். இப்போது வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் எல்லாம். இந்த வாரம் மண்வெட்டி பிடித்தவர் அடுத்த வாரம் நோட்டு, அதற்கடுத்து பூவாளி, அதற்கடுத்து தொழுவுரக் குழி. பெண்பிள்ளைகளும் கொத்துவார்கள், பையன்களும் கீரை ஆய்வார்கள். ஆசிரியர்களின் பெயரும் அந்த வரிசையில் உண்டு. உரக் குழி முறை எனக்கும் வரும். சண்டைக்கு வந்த அந்த அம்மா இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்.

இன்னொன்று: தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாதவன் போய்க் களை எடு என்று ஒருமுறை சொன்னால் போதும், அதன் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அது தோட்டமாகத் தெரியாது. வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு மேலும் வேண்டாம்.

பாம்பு, பூச்சி, குடற்புழு பயம் இருக்கிறதே?

பாம்பு வருவது எலிக்காகவும் குப்பைமேட்டுக்காகவும். கல் குவியல், மட்டைக் குவியல் வகுப்பறைப் பக்கம் வேண்டாம். மூடாக்கைக் கையால் கிளறக்கூடாது, குச்சியால்தான். பிள்ளைகள் காலில் செருப்பு கட்டாயம். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பச்சைச் சாணத்தையோ, சாணமும் கோமியமும் கலந்த ஜீவாமிர்தத்தையோ அறுக்கப்போகும் கீரையின் மேல் ஊற்ற வேண்டாம், மண்ணுக்கு மட்டும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு மூன்றும் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேண்டாம், விஷம். தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தண்ணீர் நின்றால் ஒரு வாரத்தில் டெங்குக் கொசு வரும். வெள்ளிக்கிழமைதோறும் கவிழ்த்துவிட ஒரு குழு வையுங்கள்.

செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கலாமா?

கடை மருந்து ஒரு சொட்டுக்கூட வேண்டாம். பிள்ளைகள் பறித்த கையோடு வாயில் போடும் இடம் இது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு. மாலையில் அடித்தால், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வெள்ளை ஈயும் கட்டுப்படும். காய்ப்புழு வந்த வெண்டையைப் பறித்து அழித்துவிடுவதே மருந்து. ஓரத்தில் செண்டுமல்லியும் தட்டைப்பயறும் இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் வரும். ஆடு நுழையாமலிருக்கக் கிளுவையை உயிர்வேலியாக நடுங்கள். மயிலுக்கு வழி இல்லை. விரட்டலாம், தொடக்கூடாது, அது தேசியப் பறவை. நாற்றங்காலுக்கு மேல் பழைய மீன்வலை கட்டுங்கள்.

செலவுக்குப் பணம்?

பெரிய செலவு வேலியும் தண்ணீர்க் குழாயும்தான். 2019இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கென்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இடமில்லாத பள்ளிகள் தொட்டியிலும் மொட்டைமாடியிலும் போடலாம் என்று அதிலேயே இருக்கிறது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப்படை, பள்ளி மேலாண்மைக் குழு, ஊராட்சி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் நான்கையும் கேளுங்கள். ஆனால் பணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் ஆரம்பித்தபோது கையில் இருந்தது இரவல் மண்வெட்டி இரண்டும், வீடுகளிலிருந்து பிள்ளைகள் தாளில் மடித்துக் கொண்டுவந்த விதைகளும்தான்.

நாங்கள் நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறோம். பொதுத் தோட்டம் நடக்குமா?

நடக்கும். நியூயார்க்கில் 1973இல் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அக்கம்பக்கத்தாரும் போட்ட தோட்டம் இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2005இல் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியில் நம் ஆட்களும் கறிவேப்பிலையும் முருங்கையும் வளர்க்கிறார்கள்.

என் அனுபவத்தில் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் இரண்டு பேர்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுக்கொரு பாத்தி பிரித்துவிடுங்கள். மரங்களும் உரக்குழியும் மட்டும் பொதுவாக இருக்கட்டும். தண்ணீர்க் கட்டணம் எப்படிப் பிரியும், இரண்டு மாதம் கவனிக்காத பாத்தி யாருக்குப் போகும், இந்த இரண்டையும் விதை போடும் முன்பே எழுதிவையுங்கள். பழைய கட்டடத்தை இடித்த இடமானால் பெயின்ட்டில் இருந்த ஈயம் மண்ணில் கலந்திருக்கலாம். செங்கல் கட்டி வெளி மண் கொட்டிய மேட்டுப்பாத்தியில்தான் கீரை. பெரியவர்களைக் கட்டாயம் சேருங்கள். கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து நான்கு சுவருக்குள் முடங்கிக் கிடக்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எனக்குத் தெரியாது.

ஆர்வமுள்ள ஆசிரியர் மாற்றலாகிப் போனால் தோட்டம் என்ன ஆகும்?

அது ஓர் ஆசிரியரின் தோட்டமாக இருந்தால் அவரோடு போய்விடும். எனக்கும் ஒருநாள் மாற்றல் வரும். அதனால்தான் விதையைப் பிள்ளைகள் கையில் விட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு வகையிலும் நல்ல செடி ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி, அதில் காய் பறிக்காமல் முற்ற விடுகிறோம். பிப்ரவரியில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டுவார்கள். என்ன விதை, எந்தப் பாத்தி, தங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம். ஜூனில் புதிதாக 6ஆம் வகுப்புக்கு வருகிறவர்கள்தான் அந்தப் பாட்டில்களைத் திறப்பார்கள். போன ஜூனில் ஒரு பாட்டிலில் இப்படி எழுதியிருந்தது: "கொத்தவரை. மூணாம் பாத்தி. எறும்பு வந்தா பயப்படாதீங்க, அதுக்கு மேல அசுவினி இருக்கான்னு பாருங்க."